எடுத்துக்காட்டு சொல்லும் வரியில் காற்புள்ளி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பள்ளிக் கட்டுரை, அலுவலகச் சுற்றறிக்கை, சமையல் குறிப்பு, வாடகை ஒப்பந்தம் என்று எதை எடுத்தாலும் "இது, இது, இது போன்றவை" என்று ஒரு வரி எப்படியும் வந்துவிடும். மெய்ப்புப் பார்க்கும் வேலையில் நான் அதிகம் திருத்துவதும் இந்த வரிகளைத்தான். எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் வருகிற தப்பு இல்லை இது. ஆங்கிலத்தில் கமா போட்டுப் பழகிய கை தமிழிலும் அதே இடத்தில் கமா போடுகிறது. பெரும்பாலான சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் பழங்கள் என்ற பொதுப்பெயர் முதலில் வரும், "சச் ஆஸ்" அடுத்து வரும், மாவும் பலாவும் கடைசியில் வரும். பட்டியல் எங்கே முடிகிறது என்று சொல்ல அங்கே தனிச் சொல் இல்லை. அதனால் கமாவை நம்பித்தான் ஆக வேண்டும். தமிழில் வரிசை தலைகீழ். மா, பலா, வாழை முதலில் வருகின்றன; "போன்ற" அடுத்து; "பழங்கள்" கடைசியில். பட்டியலை மூடும் வேலையைப் "போன்ற", "முதலிய", "ஆகிய", "என" ஆகிய சொற்களே பார்த்துக்கொள்கின்றன. ஆகவே எடுத்துக்காட்டு வரியில் காற்புள்ளிக்கு இரண்டு வேலைதான் மிச்சம்: உருப்படிகளைப் பிரிப்பது, "எடுத்துக்காட்டாக" என்று தொடங்கினால் அதன் பின் சற்று நிறுத்துவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் வரியில் எந்த அறிகுறி தெரிகிறது என்று கீழே பாருங்கள்.

அறிகுறி: எழுவாயும் பட்டியலுக்குள் விழுந்துவிட்டது

"மாணவர்கள், பேனா, பென்சில், அழிப்பான் போன்றவற்றைக் கொண்டுவர வேண்டும்."

தேர்வு அறிவிப்புகளில் அடிக்கடி பார்க்கும் வரி. இதைப் படிக்கிற கண்ணுக்கு மாணவர்கள், பேனா, பென்சில், அழிப்பான் என்று நான்கு உருப்படிகள் தெரிகின்றன. யாரோ ஒருவர் மாணவர்களையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் போல இருக்கிறது. படிப்பவர் "கொண்டுவர வேண்டும்" வரை போய், பிறகு திரும்பி வந்து பொருளைச் சரிசெய்துகொள்கிறார். அந்தத் திரும்பி வருதல்தான் பிழையின் அடையாளம்.

சரி: "மாணவர்கள் பேனா, பென்சில், அழிப்பான் போன்றவற்றைக் கொண்டுவர வேண்டும்."

எழுவாய்க்குப் பின் இருந்த காற்புள்ளியை எடுத்தால் போதும். ஆனாலும் "மாணவர்கள் பேனா" என்று இரண்டு பெயர்கள் ஒட்டி நிற்பது சிலருக்கு இடறும். அப்படியென்றால் எழுவாயைப் பட்டியலுக்குப் பின்னால் கொண்டுபோங்கள்: "பேனா, பென்சில், அழிப்பான் போன்றவற்றை மாணவர்கள் கொண்டுவர வேண்டும்." எனக்கு இதுதான் பிடிக்கும். தமிழ் வாக்கியத்தில் எழுவாய் எங்கே வேண்டுமானாலும் உட்காரும். அந்த வசதியை விட்டுவிட்டு ஒரு கமாவோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

இதே நோய் "இந்த ஊர், கோவில், குளம் போன்றவற்றால் பெயர்பெற்றது" என்பதிலும் இருக்கிறது. ஊர் என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி வேண்டாம்.

அறிகுறி: "போன்ற", "முதலிய", "ஆகிய" என்பவற்றுக்கு முன் காற்புள்ளி

"மா, பலா, வாழை, போன்ற பழங்கள்"

வாழைக்குப் பின் உள்ளதை நீக்குங்கள். "போன்ற" என்பது தனக்கு முன்னால் உள்ள மொத்தப் பட்டியலையும் பிடித்துக்கொண்டு நிற்கும் சொல். இடையில் காற்புள்ளி விழுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகிறது. "கபிலர், பரணர், ஔவையார், எனப் பல புலவர்கள்" என்பதிலும் அதே தப்புதான்: "ஔவையார் எனப் பல புலவர்கள்" என்று ஓடவிடுங்கள். "போன்ற" என்பதற்குப் பின்னாலும் காற்புள்ளி வராது. அது பெயரெச்சம், அடுத்து வரும் பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும்போது நடுவில் நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

அறிகுறி: ஒற்றும் காற்புள்ளியும் அடுத்தடுத்து நிற்கின்றன

"எடுத்துக்காட்டாகக், கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன."

கவனமாக எழுதுகிறவர்களிடம்தான் இந்தப் பிழை அதிகம். "ஆக" என்று முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்று அவர்களுக்குத் தெரியும்: வேகமாகப் போனான், அழகாகச் சிரித்தாள். "எடுத்துக்காட்டாக" என்பதற்குப் பின் காற்புள்ளி போட வேண்டும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லும்போது பிறக்கும் ஒலி ஒற்று. மூச்சை விடும் இடம் காற்புள்ளி. ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே தெரியும்: "எடுத்துக்காட்டாகக்" என்று க் வரை வந்து நிற்க முடியாது.

எது வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு எளிய சோதனை உண்டு. "எடுத்துக்காட்டாக" என்பது வாக்கியத்தின் வினையோடு நேரே சேர்கிறதா என்று பாருங்கள்.

"எடுத்துக்காட்டாகக் கபிலரைச் சொல்லலாம்." இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்பதே செய்தி. ஒற்று போடுங்கள், காற்புள்ளி வேண்டாம்.

"எடுத்துக்காட்டாக, கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன." இங்கே பின்னால் வருவது முழு வாக்கியம். பெயர்கள் எடுத்துக்காட்டாக வரவில்லை; அந்த வாக்கியமே முன்பு சொன்ன ஒன்றுக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது. காற்புள்ளி போடுங்கள்; ஒற்று வேண்டாம்.

உதாரணமாக, சான்றாக, குறிப்பாக என்ற மூன்றுக்கும் இதே சோதனை செல்லும். "குறிப்பாகத் தஞ்சாவூரில் நெல் அதிகம்" என்றும் எழுதலாம், "குறிப்பாக, தஞ்சாவூரில் நெல் அதிகம்" என்றும் எழுதலாம். முதலாவது இயல்பான ஓட்டம். இரண்டாவது தஞ்சாவூரை விரல் நீட்டிக் காட்டுவது. "குறிப்பாகத், தஞ்சாவூரில்" மட்டும் கூடாது.

குறிஞ்சிப்பாட்டைச் சொன்னதால் ஒரு சேதி. காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று தொடங்கும் அந்த நீண்ட பூப்பட்டியல் ஓலையில் ஒரு காற்புள்ளிகூட இல்லாமல்தான் வந்தது. ஓலைச்சுவடியில் காற்புள்ளி என்ற ஒன்றே கிடையாது. பாட்டில் சீர் பிரியும் இடம் ஓரளவு அந்த வேலையைச் செய்துவிடும். உரைநடைக்குச் சீர் இல்லை. அச்சு பரவி உரைநடை பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் தமிழ் இந்தக் குறிகளை ஐரோப்பிய மொழிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடை நூல்களில் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர். குறி வெளியிலிருந்து வந்தது. அதை எங்கே வைப்பது என்பதைத் தமிழ் வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

அறிகுறி: இரண்டு பொருள் ஒன்றாகத் தெரிகிறது, அல்லது ஒன்று இரண்டாகத் தெரிகிறது

"தேங்காய் பால் வெல்லம் ஏலக்காய் போன்றவற்றைச் சேர்க்கவும்."

பாயசக் குறிப்பில் வந்த வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயும் பாலுமா, தேங்காய்ப்பாலா? எழுதியவருக்குத் தெரியும், அடுப்பு முன் நிற்பவருக்குத் தெரியாது. இது சின்ன விஷயமும் இல்லை. கொதிக்கும் மாட்டுப்பாலில் வெல்லம் விழுந்தால் பால் திரிந்துவிடக்கூடும்.

நான்கு பொருள் என்றால்: "தேங்காய், பால், வெல்லம், ஏலக்காய் போன்றவற்றை".
மூன்று பொருள் என்றால்: "தேங்காய்ப்பால், வெல்லம், ஏலக்காய் போன்றவற்றை".

இங்கேயும் ஒற்றும் காற்புள்ளியும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் நிற்கின்றன. ஒற்று சேர்க்கிறது, காற்புள்ளி பிரிக்கிறது. இரண்டும் இல்லாமல் "தேங்காய் பால்" என்று விட்டால், ஒற்று விடுபட்டதா கமா விடுபட்டதா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒற்றுப்பிழையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பட்டியலுக்குள் வரும் ஒற்றையாவது விட்டுவிடாதீர்கள் என்பேன்.

காற்புள்ளியால் தீராத பக்கத்து நோய் ஒன்றும் உண்டு. "நறுக்கிய வெங்காயம், தக்காளி போன்றவற்றைப் போடவும்" என்றால் தக்காளியையும் நறுக்க வேண்டுமா? எந்தக் கமாவும் இதற்குப் பதில் சொல்லாது. இரண்டையும் நறுக்க வேண்டும் என்றால் "வெங்காயம், தக்காளி போன்றவற்றை நறுக்கிப் போடவும்." வெங்காயத்தை மட்டும் என்றால் அடைமொழி உள்ள உருப்படியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: "தக்காளி, நறுக்கிய வெங்காயம் போன்றவற்றை". அடைமொழி பின்னால் வருவதைத்தான் பற்றும் என்பதால் இங்கே குழப்பம் இல்லை.

அப்புறம், உம்மைத்தொகைகள். தாய்தந்தை, ஆடுமாடு, வெற்றிலைபாக்கு, சேர சோழ பாண்டியர் ஆகியவை ஏற்கெனவே ஒன்றாகிவிட்ட தொடர்கள். அவற்றை உடைத்துக் காற்புள்ளி போட வேண்டாம். "ஆடுமாடு, கோழி போன்றவை" என்பது சரியான எழுத்து.

அறிகுறி: வேற்றுமை உருபு கடைசி உருப்படியில் மட்டும் ஒட்டியிருக்கிறது

"மதுரை, திருச்சி, தஞ்சாவூரில் மழை பெய்தது."

செய்தித் தலைப்புகளில் இது தினமும் வருகிறது. தலைப்புக்கு இடம் குறைவு, அங்கே விட்டுவிடலாம். உள்ளே, செய்தியின் உடலில், இதைத் திருத்த வேண்டும். "இல்" தஞ்சாவூரோடு மட்டும் நிற்கிறது. மதுரையும் திருச்சியும் உருபு இல்லாமல் தனியே கிடக்கின்றன.

காற்புள்ளியைத் தொட்டு இதைச் சரிசெய்ய முயல்கிறவர்கள் உண்டு. பயனில்லை. இங்கே குறைவது ஒரு சொல். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: இடைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்கினால், அது செவ்வெண், செவ்வெண்ணுக்குப் பின்னால் தொகை வேண்டும். "உம்" சேர்த்து அடுக்கினால் தொகை இல்லாமலும் நடக்கும். தொகை என்பது எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் சொல்: மூவர், எல்லாம், ஆகிய ஊர்கள், முதலியன. காற்புள்ளி என்ற குறி தமிழுக்கு வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே எழுதிய விதி, இன்றைய கமாப் பட்டியலுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே இரண்டு வழி:
"மதுரை, திருச்சி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் மழை பெய்தது."
"மதுரையிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மழை பெய்தது."

முதல் வழியில் காற்புள்ளி உண்டு, தொகையும் உண்டு. இரண்டாவதில் இரண்டும் இல்லை. உங்கள் வரியில் காற்புள்ளி இருந்து தொகை இல்லையென்றால் எங்கேயோ இடிக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடலாம். நான் பட்டியல் வரியைப் பார்த்தவுடன் முதலில் தேடுவது இந்தத் தொகைச் சொல்லைத்தான்; கமாவை அப்புறம்தான் பார்ப்பேன்.

அறிகுறி: "உம்"மும் காற்புள்ளியும் சேர்ந்து வருகின்றன

"கபிலரும், பரணரும், ஔவையாரும் பாடினார்கள்."

"உம்" ஏற்கெனவே பிரித்துச் சேர்த்துவிட்டது. காற்புள்ளி தேவையில்லை: "கபிலரும் பரணரும் ஔவையாரும் பாடினார்கள்." ஒவ்வொரு உருப்படியும் அரை வரிக்கு நீண்டால், மூச்சுக்காக ஒரு காற்புள்ளி போடுவதை நான் அடிப்பதில்லை. ஆனால் "கபிலரும், பரணரும் போன்ற புலவர்கள்" என்று வந்தால் அடித்துவிடுவேன். "உம்" போட்டால் "போன்ற" வராது.

அறிகுறி: கடைசி உருப்படிக்கு முன் "மற்றும்", அதற்கும் முன் ஒரு கமா

"மா, பலா, மற்றும் வாழை"

ஆங்கிலத்தில் கடைசி உருப்படிக்கு முன் வரும் "அண்ட்" என்ற சொல்லின் நிழல்தான் இந்த "மற்றும்". அதற்கு முன் உள்ள கமா, ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று அவர்கள் அழைப்பது. போடலாமா வேண்டாமா என்று ஆங்கிலத்தில் பெரிய சண்டையே நடக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் ஊதியம் இல்லை என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசிப் பகுதியில் கமா இல்லாததால், "அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொட்டலம் கட்டுதல்" என்று ஒரே வேலையா, "அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல்", "விநியோகித்தல்" என்று இரண்டு வேலைகளா என்பது தெளிவாக இல்லை. ஓட்டுநர்கள் செய்வது விநியோகம். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

அதே பட்டியலைத் தமிழில் மேலே எழுதியபோது என்ன நடந்தது என்று கவனியுங்கள். "கட்டுதல்" என்ற சொல் கடைசியில் வருவதாலும் "ஆக", "ஓ" என்ற ஒட்டுகள் ஒவ்வொன்றிலும் சேர்வதாலும் இரண்டு பொருளையும் இரண்டு விதமாகத்தான் எழுத முடிந்தது. குழப்பத்தை அப்படியே வைத்திருக்கத் தமிழ் இடம் தரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு கமா தீர்க்கும் பிரச்சினை இங்கே அநேகமாக எழுவதே இல்லை.

ஆகவே எடுத்துக்காட்டுப் பட்டியலில் "மற்றும்" வேண்டாம்: "மா, பலா, வாழை போன்ற பழங்கள்." இரண்டே உருப்படி என்றால் "மாவும் பலாவும்". "அல்லது" வேறு விஷயம். அது பொருள் உள்ள சொல். "காபி, தேநீர் அல்லது மோர்" என்று எழுதலாம், அதற்கு முன் காற்புள்ளி வேண்டியதில்லை.

அறிகுறி: "எடுத்துக்காட்டாக" வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது

"சில பூக்கள், எடுத்துக்காட்டாக, முல்லை, பிச்சி, மாலையில்தான் மலரும்."

ஏழு சொல்லுக்கு நான்கு கமா. எது உருப்படியைப் பிரிக்கும் கமா, எது இடைச்செருகலை மூடும் கமா என்று தெரியவில்லை. மாலை என்பதும் ஒரு பூவோ என்று ஒரு கணம் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இப்படி நடுவில் செருகுவது சகஜம். தமிழில் இதைச் சரிசெய்யக் கமாவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்:

"முல்லை, பிச்சி போன்ற சில பூக்கள் மாலையில்தான் மலரும்."

பெரும்பாலான இடங்களில் இதுவே போதும். செருகியே ஆக வேண்டும் என்றால் அடைப்புக்குறி நல்லது: "சில பூக்கள் (முல்லை, பிச்சி போன்றவை) மாலையில்தான் மலரும்."

இதற்கு ஒட்டிய இன்னொன்று: "எடுத்துக்காட்டாக" என்று தொடங்கி "போன்றவை" என்று முடிப்பது. "எடுத்துக்காட்டாக, முல்லை, பிச்சி போன்றவை." இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன; ஒன்று போதும். போதாததற்கு வினைமுற்றும் இல்லை. "முதலியவை போன்றவை", "போன்றவை மற்றும் பல" என்பவற்றையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம்.

அறிகுறி: காற்புள்ளி எல்லாம் சரி, ஆனாலும் வரி தப்பாகப் படுகிறது

மூடும் சொல் மாறியிருக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள் என்றால் "ஆகிய". சிலவற்றை மட்டும் சொன்னீர்கள் என்றால் "முதலிய" அல்லது "போன்ற".

"அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் போன்ற பிரிவுகள் திருக்குறளில் உள்ளன" என்றால் நான்காவதாகவும் ஒரு பால் இருப்பதாக ஆகிவிடும். இருப்பது மூன்றுதான், "ஆகிய பிரிவுகள்" என்று எழுத வேண்டும். "சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய ஐம்பெருங்காப்பியங்கள்" என்றால் ஐந்தில் மூன்று காணாமல் போகும். இங்கே "முதலிய" வேண்டும்.

"போன்ற" என்பதா "முதலிய" என்பதா? "நிலவு போன்ற முகம்" என்றால் முகம் நிலவு இல்லை. அந்தக் கணக்கில் "கபிலர் போன்ற புலவர்கள்" என்பதில் கபிலர் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. பேச்சிலும் எழுத்திலும் இன்று எல்லாரும் கபிலரைச் சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். கட்டுரையில் நான் அதைத் திருத்துவதில்லை. ஒப்பந்தம், அரசாணை, தேர்வு விதி என்று வந்தால் "முதலிய" என்றே எழுதச் சொல்வேன். "மின்விசிறி, விளக்கு போன்றவற்றை வாடகைதாரர் பராமரிக்க வேண்டும்" என்ற வரிக்காக யாரும் வாக்குவாதம் செய்யும் நிலை வரக்கூடாது. மனிதர்களுக்கு முதலியோர், போன்றோர். பொருள்களுக்கு முதலியன, போன்றவை.

அறிகுறி: பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல்

"மல்கோவா, இமாம் பசந்த் போன்ற மாம்பழங்கள், பூவன், ரஸ்தாளி போன்ற வாழைப்பழங்கள் சந்தைக்கு வந்தன."

சின்னப் பிரிவுக்கும் பெரிய பிரிவுக்கும் ஒரே குறி. பெரிய பிரிவுக்கு அரைப்புள்ளி போடுங்கள்: "மல்கோவா, இமாம் பசந்த் போன்ற மாம்பழங்கள்; பூவன், ரஸ்தாளி போன்ற வாழைப்பழங்கள் எனப் பலவும் சந்தைக்கு வந்தன." அல்லது உம்மை: "…மாம்பழங்களும் பூவன், ரஸ்தாளி போன்ற வாழைப்பழங்களும் சந்தைக்கு வந்தன." உம்மை வந்த வடிவம்தான் காதுக்கு இயல்பு.

திரும்பும் வழி: தமிழ்ப் பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போது

தமிழில் எழுதிப் பழகிய கை ஆங்கிலத்தில் வேறு மூன்று பிழை செய்கிறது. "சச் ஆஸ்" என்று எழுதி உடனே கமா போடுவது முதலாவது. "எடுத்துக்காட்டாக," என்ற நம் பழக்கம்தான் காரணம். "சச் ஆஸ்" என்பதற்குப் பின் கமா வராது. "ஃபார் எக்ஸாம்பிள்" என்பதற்குப் பின் வரும்.

இரண்டாவது, "சச் ஆஸ்" என்பதற்கு முன் கமா உண்டா இல்லையா என்பது. எடுத்துக்காட்டை விரலால் மறைத்துப் பாருங்கள். "ஃப்ரூட்ஸ் சச் ஆஸ் மேங்கோஸ் அண்ட் ஜாக்ஃப்ரூட் ரைப்பன் இன் சம்மர்" என்பதில் நடுப்பகுதியை மறைத்தால், பழங்கள் எல்லாமே கோடையில் பழுக்கும் என்று ஆகிவிடும். அது உண்மை இல்லை. அப்படியென்றால் அந்தப் பகுதி இல்லாமல் வாக்கியம் நிற்காது, கமா வேண்டாம். "சிட்ரஸ் ஃப்ரூட்ஸ், சச் ஆஸ் லைம்ஸ் அண்ட் ஆரஞ்சஸ், கன்டெய்ன் வைட்டமின் சி" என்பதில் மறைத்தாலும் உண்மை மாறவில்லை. இரண்டு பக்கமும் கமா போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டு மறுபக்கம் மறப்பதுதான் அதிகம் நடக்கிறது.

மூன்றாவது, இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் "ஃபார் எக்ஸாம்பிள்" வந்தால் அதற்கு முன் கமா போடுவது. அங்கே கமாவுக்கு வலு போதாது. அரைப்புள்ளி போடுங்கள், அல்லது முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் தொடங்குங்கள்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

பிழைகள் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் எங்கே தொடங்குவது என்று காட்ட நானே கட்டிய பத்தி:

"தமிழ்நாட்டில், பல வகை வாழைகள், பயிராகின்றன. எடுத்துக்காட்டாகப், பூவன், ரஸ்தாளி, மற்றும் நேந்திரன், போன்றவை. திருச்சி, தேனி, தூத்துக்குடியில் வாழைத் தோட்டங்கள் அதிகம். வாழை, இலை, பூ, தண்டு, காய், பழம் முதலியவை போன்ற எல்லாம் பயன்படும்."

முதல் வாக்கியத்தில் பட்டியலே இல்லை. இரண்டு காற்புள்ளிகளும் போகட்டும். இரண்டாவதில் வினைமுற்று இல்லை, ஒற்றும் கமாவும் மோதுகின்றன, "மற்றும்" தேவையில்லை, "போன்றவை" என்பதற்கு முன் கமா. "பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவை அவற்றுள் சில" என்று எழுதினால் நான்கும் ஒரே வீச்சில் தீரும். இவை சில மட்டுமே என்பதைச் "சில" என்ற சொல்லே சொல்லிவிடுவதால் இங்கே "ஆகியவை" சரி. நான்காவதில் வாழை தன் இலையோடும் பூவோடும் ஒரு வரிசையில் நிற்கிறது. அது எழுவாய் நோய். "வாழையில்" என்று உருபு சேர்த்தால் தீரும். "முதலியவை போன்ற" வெட்டுப்படும். "எல்லாமே" தொகையாக நிற்கும்.

மூன்றாவதற்குத் தொகை வேண்டும். "ஆகிய மாவட்டங்களில்" என்று போட்டால் இலக்கணம் நிறைவு. ஆனால் ஈரோட்டிலும் கோவையிலும்கூட வாழை நிறையப் பயிராகிறது. ஆகவே "முதலிய":

"தமிழ்நாட்டில் பல வகை வாழைகள் பயிராகின்றன. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவை அவற்றுள் சில. திருச்சி, தேனி, தூத்துக்குடி முதலிய மாவட்டங்களில் வாழைத் தோட்டங்கள் அதிகம். வாழையில் இலை, பூ, தண்டு, காய், பழம் எல்லாமே பயன்படும்."